வட்டைக்குப் போகிறவருக்கு: மட்டக்களப்பு வயற்சொற்களைப் பழகும் வழி

மட்டக்களப்புக்கு வேலை மாற்றலாகி வந்த முதல் மாதம். மண்டூருக்குப் போகவேண்டியிருந்தது. குருமண்வெளித் துறையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் வழி கேட்டேன். "பாதை இப்பதான் போன தம்பி. கொஞ்சம் நில்லுங்க, மறுகா வரும்" என்றார்.

பாதை எப்படிப் போகும்? போன பாதை எப்படித் திரும்பி வரும்? 'மறுகா' என்றது என் காதில் 'மறுகரை' என்று விழுந்தது. மறுகரையில் போய்த் தேடவேண்டும் போல என்று கரையோரமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், படகுகளைப் பிணைத்து மேலே பலகை அடித்த மிதவை ஒன்று ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் நெல் மூடைகளையும் ஏற்றிக்கொண்டு துறைக்கு வந்து சேர்ந்திருந்தது. அதுதான் பாதை. கடல்நீரேரியான மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற மிதவைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். மறுகா என்றால் பிறகு. இரண்டு சொல் தெரியாததால் அடுத்த பாதைக்கும் காத்து நின்றேன்.

ஆசிரியராக, விவசாயப் போதனாசிரியராக, வங்கி உத்தியோகத்தராக, ஆய்வு மாணவராக, மருமகனாக அல்லது மருமகளாக மட்டக்களப்பு, அம்பாறை வயல்வெளிகளுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இது எழுதப்படுகிறது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வராதீர்கள். நான் செய்து பார்த்தேன், ஒட்டவில்லை. வயல் வேலை எந்த வரிசையில் நடக்கிறதோ அந்த வரிசையிலேயே சொற்களையும் எடுங்கள். இங்கே பல சொற்களுக்குப் பின்னால் ஒரு வேலையோ ஓர் உரிமையோ இருக்கிறது. அதைப் பார்க்காமல் பொருளை மட்டும் எழுதிக்கொண்டால் வயலில் காலை வைத்ததும் வம்பில் மாட்டுவீர்கள்.

முதலில் திசை

வாவியைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே திசை சொல்வார்கள். சூரியன் எழுகிற கிழக்குப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள நிலம், எழுவான்கரை. சூரியன் படுகிற மேற்குப் பக்கம் படுவான்கரை. வீடும் சந்தையும் பள்ளிக்கூடமும் எழுவான்கரையில், வயலும் மாடும் படுவான்கரையில் என்று வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். அதனால்தான் பாதைக்கு இத்தனை மதிப்பு. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு அந்தத் துறையில் பாதை ஓய்ந்துவிட்டது. ஆனால் சொல் ஓயவில்லை. பாலத்தால் போகிறவர்களும் 'பாதையடி' என்று இடத்தைக் குறிப்பார்கள்.

ஊர்ப்பெயர்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள், பாதி அகராதி அங்கேயே கிடைக்கும். வாழைச்சேனை, அட்டாளைச்சேனை என்று முடிகிறவற்றில் 'சேனை' என்பது காட்டை வெட்டி எரித்து, மழையை நம்பிச் சோளனும் குரக்கனும் கச்சானும் போடுகிற மேட்டு நிலம். அட்டாளை என்பது விலங்கு காவலுக்குக் கட்டுகிற உயரமான பரண். தம்பிலுவில், பொத்துவில் போன்றவற்றில் வருகிற 'வில்' நீர் தேங்கும் தாழ்வான இடம். போரதீவுப்பற்று, எருவில்பற்று என்பவற்றில் 'பற்று' பழைய நிருவாகப் பிரிவு. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். அதற்கு முன் எல்லாம் ஒரே மட்டக்களப்பு. ஆகவே திருக்கோவில் வயலிலும் வெல்லாவெளி வயலிலும் ஒரே சொல்லைக் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். பட்டிப்பளை ஆறு என்று பெரியவர்கள் சொல்வதும் வரைபடத்தில் கல்லோயா என்று இருப்பதும் ஒரே ஆறுதான். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்குப் பிறகு பலருக்கு அந்தத் தமிழ்ப் பெயர் மறந்துபோனது.

பிறகு தரை

'வயல்' என்று நீங்கள் சொன்னால் யாரும் விளங்காமல் நிற்கப்போவதில்லை. ஆனால் அவர்கள் சொல்வது 'வட்டை'. "அவர் வட்டைக்குப் போன" என்றால் வயல்வெளிக்குப் போயிருக்கிறார், அநேகமாகப் பொழுதுபடத்தான் வருவார், கடன் கேட்கவோ கையெழுத்து வாங்கவோ இப்போது போய்ப் பயனில்லை என்று அர்த்தம். பெரிய வயற்பரப்பின் ஒரு பகுதியைக் 'கண்டம்' என்பார்கள். ஒவ்வொரு கண்டத்துக்கும் பெயர் இருக்கும். நான்கு பக்கமும் வரம்பு கட்டிய தனித் துண்டு 'வரவை'. வட்டையில் தங்குவதற்குப் போட்ட கொட்டில் 'வாடி'.

இங்கே நில்லுங்கள். இந்த நான்கு சொல்லும் நாவில் ஏறும்வரை அடுத்ததுக்குப் போகவேண்டாம். "எந்தக் கண்டத்தில உங்கட வரவை?" என்று ஒரு விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். அதுவரை 'சேர்' (ஆங்கில sir) போட்டு அளந்து பேசிக்கொண்டிருந்தவர் வாடிக்குள் கூட்டிப்போய்த் தேத்தண்ணி ஊற்றித் தருவார்.

தண்ணீர்: அவசரப்படவே கூடாத இடம்

வரம்பில் ஓரிடத்தை வெட்டி, ஒரு வரவையிலிருந்து இன்னொன்றுக்கு நீர் போகவிடும் வாய்க்குப் பெயர் 'வக்கடை'. சிங்களத்திலும் இது 'வக்கட'. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம், அம்பாறைப் பக்கம் இரு மொழி விவசாயிகளும் இந்த ஒரு சொல்லை வைத்தே நீர்ச் சண்டையையும் சமாதானத்தையும் பேசி முடிப்பார்கள் என்பது தெரிந்தால் போதும். வக்கடையைத் திறப்பதை 'வெட்டுவது' என்பார்கள், மூடுவதைக் 'கட்டுவது' என்பார்கள். மம்மட்டியால் இரண்டு கொத்து சேறு, கொஞ்சம் வைக்கல், அவ்வளவுதான் கதவு.

அந்தக் கதவை நான் காலால் உடைத்திருக்கிறேன். சிறுபோக விதைப்புக் காலம். பின்னேரம் காற்று வாங்க வரம்பால் நடந்துபோனேன். ஓரிடத்தில் சேறும் வைக்கலுமாக ஒரு திட்டு. கால் வைத்ததும் சரிந்தது. மேல் வரவையில் நின்ற நீர் கீழ் வரவைக்கு மெல்ல இறங்கியது. தண்ணீர்தானே, வயலுக்குத் தண்ணீர் போனால் நல்லதுதானே என்று எண்ணிக்கொண்டு நடையைத் தொடர்ந்தேன்.

மறுநாள் வெள்ளாப்பில் வாசலில் ஆள். வெள்ளாப்பு என்றால் விடியற்புறம், இன்னும் முகம் சரியாகத் தெரியாத நேரம். வாசலுக்குள் வராமல் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"சேர், நேத்துப் பொழுதுபட எங்கட வரம்பால நடந்தது நீங்கதானே?"

"ஓம் ஐயா."

"வக்கடையக் கட்டிட்டுத்தான் நான் வீட்ட வந்த. முந்தநாள்தான் விதைச்ச. முளை நெல்லு. வந்து ஒருக்காப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். முளைகட்டிய நெல்லைச் சேற்றில் விதைத்தபின் முதல் சில நாட்கள் வரவையில் நீர் நிற்கக்கூடாது. நின்றால் முளை மூச்சுமுட்டி அழுகும், அல்லது மிதந்து ஒரு மூலையில் போய் ஒதுங்கும். அவருடைய வரவையின் கீழ் மூலையில் விதை பாய் விரித்தது போல ஒதுங்கிக் கிடந்தது. மற்றப் பக்கம் வெறும் சேறு. விதை நெல்லுக்குக் காசு கொடுக்க முயன்றேன், வாங்கவில்லை. "காசு என்னத்துக்கு சேர், நடக்கக்குள்ள காலடியப் பாத்து நடங்க" என்றார். அன்றைக்கு அவரோடு சேர்ந்து அந்த மூலையில் விதையை அள்ளி வெறும் இடத்தில் தூவினேன். வரவை, வரம்பு, வக்கடை மூன்றும் எனக்கு மறக்காமல் போனது அன்றைக்குத்தான்.

ஆகவே வழிமுறை இது: வக்கடையைத் தொடாதீர்கள், தாண்டி நடங்கள். தண்ணீர் பற்றி எதுவாவது கேட்பதென்றால் 'வட்டவிதானை'யைத் தேடிப் போங்கள். ஒரு வட்டைக்கு எந்த நாளில், எந்த வாய்க்காலால், எவ்வளவு நேரம் நீர் என்பதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அவர். வெட்டு முடிந்ததும் ஏக்கர் கணக்குக்கு விவசாயிகள் நெல்லாகவே அவருக்குக் கொடுப்பது பழைய வழக்கம். காகிதத்தில் கமக்காரர் அமைப்பு, கமநல சேவை நிலையம் என்று எத்தனை பெயர் இருந்தாலும், இரவு பத்து மணிக்கு டோர்ச் லைட்டோடு வாய்க்கால் ஓரம் நடப்பது அவர்தான்.

உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி என்று எந்தக் குளத்துக்குக் கீழே வேலை செய்யப்போகிறீர்கள் என்று அறிந்து, போகம் தொடங்குமுன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். முதல் நீர் திறக்கும் நாள், கடைசி விதைப்பு நாள், மாடுகளை அகற்றும் நாள் எல்லாம் அங்கே முடிவாகும். மேடையில் பேசுவது நூல் தமிழ், பின்வரிசையில் முணுமுணுப்பது வட்டைத் தமிழ். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பருவமும் பயிரும்

அலுவலகப் படிவத்தில் பெரும்போகம், சிறுபோகம். பேச்சில் மாரி, கோடை. மழையை நம்பி விதைக்கிற நெல்லுக்கு 'முன்மாரி' என்று பெயர். வடகீழ்ப் பருவமழை இறுகுவதற்கு முன் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பது புழுதி விதைப்பு, உழுது பலகையடித்து மட்டமாக்கிய சேற்றில் முளை நெல்லை எறிவது சேற்று விதைப்பு. வெள்ளம் நின்று வடியாவிட்டால் முகத்துவாரத்தை வெட்டச் சொல்லிப் படுவான்கரையிலிருந்து குரல் எழும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே அடைத்து நிற்கும் மணலை வெட்டிவிடுவதுதான் அது.

வேளாண்மை என்ற சொல்லில்தான் வெளியார் பலரும் தடுக்குவார்கள். உங்களுக்கு அது ஒரு தொழிலின் பெயர், பாடப்புத்தகச் சொல். இங்கே அது வயலில் நிற்கிற பயிர். "வேளாண்மை சாஞ்சு போயிட்டு" என்றால் விவசாயத் துறை வீழ்ச்சியடைந்துவிட்டது என்றல்ல, நேற்றைய காற்றுக்கு நெற்பயிர் படுத்துவிட்டது. "வேளாண்மை வெட்டுறாங்க" என்றால் அறுவடை நடக்கிறது. சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கம் 'வெள்ளாம' என்று காதில் விழும். புதிதாக வந்த ஓர் உத்தியோகத்தர் "உங்களுக்கு வேளாண்மை தெரியுமா?" என்று வயல் நடுவில் நின்று கேட்டதற்கு, "ஏன் தம்பி, கண்ணுக்கு முன்னாலதானே நிக்கிது" என்று பதில் வந்ததை நானே கேட்டேன்.

பயிரின் வயதை நாள் கணக்கில் கேட்காதீர்கள், பருவத்தைக் கேளுங்கள். கதிர் இன்னும் வெளியே வராமல் தண்டுக்குள் பருத்திருக்கும் நிலை 'குடலை'. பிறகு கதிர் தள்ளும், பால் பிடிக்கும், முற்றும். "இப்ப குடலை" என்று ஒருவர் சொன்னால் இந்தக் கிழமை தண்ணீர் அவருக்கு உயிர் என்று எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டம் கருத்தரங்கு என்று அவரைக் கூப்பிடாதீர்கள். நோய்க்கும் பூச்சிக்கும் இரட்டைப் பெயர் உண்டு. துண்டுப் பிரசுரத்தில் கபிலநிறத் தத்தி என்று இருக்கும் பூச்சியை வயலில் அறக்கொட்டி என்பார்கள். இலையை மடித்து உள்ளே இருந்து சுரண்டும் புழுவுக்கு மடிச்சுக்கட்டி என்ற பெயரே போதும், படம் காட்டத் தேவையில்லை. எரிபந்தம் என்றால் நெருப்புப் பட்டது போல இலையைக் கருக்கும் நோய். மணி பிடிக்காத வெறுங்கூடு சப்பி.

காற்றுக்கும் பெயர் உண்டு. வைகாசி, ஆனியில் மேற்கேயிருந்து தோலைக் காயவைத்துக்கொண்டு அடிப்பது கச்சான். கோயில் வாசலில் வறுத்து விற்கிற நிலக்கடலையும் கச்சான்தான். எது எது என்று இடத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ளுங்கள்.

வெட்டும் சூடும்

இந்தப் பகுதிச் சொற்களைக் கேட்கவேண்டுமென்றால் கொஞ்சம் அவசரம். மெஷின் வரவைக்குள் இறங்கி, ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. இடையில் இருந்த ஐந்தாறு வேலையும் அவற்றின் பெயர்களும் வேலையற்றுப் போய் நிற்கின்றன. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேளுங்கள், கையால் செய்து காட்டச் சொல்லியே கேளுங்கள். அவர்களுக்குச் சொல் வாயில் வருவதற்கு முன் கை அசையும்.

எனக்குக் காட்டியவர் அந்த வக்கடைக்காரர்தான். 'தாக்கத்தி' என்று அரிவாளை எடுத்தார். இடக்கையால் ஒரு பிடி தாளைச் சேர்த்துப் பிடித்து, வலக்கையால் தன் பக்கம் இழுத்து வெட்டி, திரும்பாமலே பின்னால் ஒரே வாட்டத்தில் கிடத்தினார். அப்படிக் கிடத்தியது 'உப்பட்டி'. கதிர் எல்லாம் ஒரு பக்கம் பார்த்துக் கிடக்கவேண்டும், மாறிக் கிடந்தால் கட்டுக்கட்டுகிறவர் திட்டுவார். உப்பட்டி காய்ந்ததும் கட்டாகக் கட்டி, மேடான இடத்துக்குச் சுமந்துபோய், கதிர் உள்ளே தாள் வெளியே என்று குவித்து அடுக்குவார்கள். அந்தக் குவியல் 'சூடு'. அது நிற்கிற, செதுக்கி மெழுகிய இடம் 'களவெட்டி'. சூடு வைப்பதும் ஒரு கைவேலைதான், சரியாக வைத்த சூட்டுக்குள் மழை இறங்காது. "சூடு வெச்சாச்சா?" என்று கேட்டால் பயப்படாதீர்கள், யாருக்கும் யாரும் சூடு போடவில்லை. முன்பு மாடுகளை வளைய விட்டு மிதிப்பித்தார்கள். பிறகு ட்ராக்டர் சக்கரத்தால் அடித்தார்கள். இரண்டுக்கும் சூடு மிதித்தல், சூடடித்தல் என்று பெயர்.

களவெட்டிக்குள் போனால் பேச்சே மாறிவிடும் என்பார்கள். நெல்லை அங்கே நெல் என்று சொல்வதில்லை, 'பொலி'. சாதாரணப் பெயரைச் சொன்னால் பூதங்கள் விளங்கிக்கொண்டு விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. அதனால் மாட்டுக்கும் சாக்குக்கும் கூடைக்கும்கூடக் களத்துக்கென்று வேறு பெயர்கள் இருந்தன. சிங்கள விவசாயிகளிடமும் இதே போலக் களத்துப் பாஷை ஒன்று உண்டு. தூற்றும்போது "பொலி, பொலி" என்று குரல் கொடுத்து அழைப்பார்கள். இந்தச் சொற்களை வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து கேட்காதீர்கள், "அதெல்லாம் அந்தக் காலம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மாசி, பங்குனி வெட்டு நாளில் வாடிக்குப் போய்ச் சோறு தின்றுகொண்டு கேட்டால் தானாக வரும்.

அளவு: கேட்டுத்தான் எழுதவேண்டும்

சுண்டு, கொத்து, மரைக்கால், அவணம் என்பவை பழைய அளவுகள். அரிசி அளக்கும்போது கொத்தும் சுண்டும் இன்னும் வாயில் இருக்கின்றன. அவணம் நிலத்தைச் சொல்லவும் வரும், இத்தனை அவண விதைப்பு நிலம் என்று. புசல் என்றால் நெல்லில் ஏறக்குறைய 21 கிலோ. மூடை என்று ஒருவர் சொன்னால் உடனே எத்தனை கிலோ மூடை என்று கேளுங்கள். 50 கிலோ மூடையும் உண்டு, 65 கிலோவுக்கு மேல் கொள்ளும் மூடையும் உண்டு. இதைக் கேட்காமல் ஏக்கருக்கு இத்தனை மூடை விளைச்சல் என்று நான் தயாரித்த அட்டவணையை, மேலதிகாரி பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார்.

மாட்டுப் பக்கம்

சுருக்கமாகச் சொல்கிறேன், நான் மாட்டுக்காரன் இல்லை. மந்தை 'பட்டி', இரவில் அடைக்கும் இடம் 'காலை'. நாம்பன் இளங்காளை, நாகு கன்று போடாத பசு. வேளாண்மை நிற்கும் காலத்தில் பட்டிகளை மேற்கே மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுபோவார்கள். எருமைத் தயிர் மண்சட்டியில் வரும், சட்டியைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது, அதுதான் தரம்.

ஆட்களை எப்படி அழைப்பது

பெரிய நிலக்காரரைப் போடியார் என்பது பழைய மரியாதை. இன்றைக்கு அது பாதி மரியாதை, பாதி கிண்டல். புதியவர் வாயில் எந்தப் பாதி கேட்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே ஐயா என்றே அழையுங்கள். போடியாரின் வயலில் தங்கி வேலை செய்தவருக்கு முல்லைக்காரன் என்று பெயர் இருந்தது. ஆய்வுக்காக எழுதிக்கொள்ளலாம், ஒருவரைப் பார்த்து "நீங்கள் முல்லைக்காரரா?" என்று கேட்டுவிடாதீர்கள். முஸ்லிம் ஊர்களில் மூத்தவரைக் 'காக்கா' என்று அழைத்தால் போதும். மச்சான் என்ற சொல் இரு பக்கமும் ஓடும், அது அவர்கள் உங்களைச் சொன்ன பிறகு நீங்கள் சொல்லவேண்டியது.

பேச்சில் வாக்கியக் கடைசியில் ஒட்டுகிற 'கா'வைக் கவனியுங்கள்: "என்னகா", "வாகா". நெருக்கமானவர்களுக்குள் மட்டும் வருவது. நான் ஒரு கிழமைக்குள்ளேயே அதைப் போட்டுப் பேசிப் பார்த்தேன், சிரித்தார்கள். மறுகா, கிறுகி (திரும்பி), ஏலா (முடியாது), கெதியா (விரைவாக) இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

ஆண்டைக் கேட்டு நேர்காணல் செய்கிறவர்களுக்கு ஒரு சொல்: பெரியவர்கள் பலரும் "சூறாவளிக்கு முன்னம்", "சூறாவளிக்குப் பிறகு" என்றுதான் காலம் சொல்வார்கள். அது 1978 நவம்பர் 23. அதற்கும் முந்தியவர்கள் "பெரிய வெள்ளம்" என்றால் 1957. இரண்டையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டால் பாதிக் கணக்கு தானாகச் சரிவரும்.

கடைசியாக, குறிப்பேடு

சொல்லை மட்டும் எழுதாமல், யார், எந்த ஊரில், என்ன வேலை செய்துகொண்டு சொன்னார் என்பதையும் எழுதுங்கள். படுவான்கரையில் ஒரு பொருளிலும் அக்கரைப்பற்றில் இன்னொரு பொருளிலும் ஒரே சொல் வரலாம். அப்புறம், ஒரு போகம் முடிந்ததும், எழுதியதைச் சொன்னவரிடமே வாசித்துக் காட்டுங்கள். நான் வக்கடைக்காரரின் வாடியில் உட்கார்ந்து என் பட்டியலை வாசித்தேன். உப்பட்டி, சூடு, களவெட்டி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். "வக்கடை: தண்ணீர் போக வரம்பில் வெட்டும் வாய்" என்று வாசித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேக்காமத் தொடப்படாது எண்டும் எழுது மனே."

எழுதினேன். அவர் என்னைச் 'சேர்' என்று கூப்பிடாதது எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.